செத்த பேட்டரி எந்த ஊருக்குப் போகிறது?

2025 ஜூலையில் செஞ்சிக்கு ஒரு நல்ல சேதி வந்தது. பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு, மராட்டியர் கால ராணுவக் கோட்டைகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை. மிச்சம் ஒன்று நம் செஞ்சி. அதே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அரசிதழில் இன்னொன்றையும் வெளியிட்டது. மாசடைந்த இடங்களைக் கண்டுபிடிப்பதற்கும் சுத்தம் செய்வதற்குமான விதிகள் அவை. கோட்டையைப் பற்றி டீக்கடை தோறும் பேசினோம். விதிகளைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து நான் கேட்கவில்லை. எனக்கு அந்த இரண்டாவது சேதியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும்.

திண்டிவனம் சாலையில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். டிராக்டர், குட்டி யானை, நெல் அறுக்கும் வண்டி, வீட்டு இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் பேட்டரி போடுவேன், சார்ஜ் ஏற்றிக் கொடுப்பேன். மின்வெட்டு கடுமையாக இருந்த 2012 வாக்கில் எங்கள் தொழிலுக்கு ஒரு திருவிழாக் காலம் வந்தது. மாடி வீடு, ஓட்டு வீடு, ஜெராக்ஸ் கடை, கோழிப் பண்ணை என்று எல்லா இடத்திலும் ஒரு இன்வெர்ட்டர் ஏறியது. பேட்டரிக்கு ஆயுசு நாலைந்து வருஷம். அப்புறம் அது செத்துப்போகும். அதற்குப் பதில் இன்னொன்று, அதுவும் செத்தால் மற்றொன்று. இன்றைக்கும் வாரம் தவறாமல் பழையது வந்து என் கடை வாசலில் இறங்குகிறது.

ஒரு 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியைத் தனியாளாகத் தூக்கிப் பாருங்கள், இடுப்பு சொல்லும். ஆசிட்டோடு சேர்த்து ஐம்பது கிலோவுக்கு மேல். அதில் பாதிக்கும் மேலான எடை ஈயம். கொஞ்சம் ஈயம் பிளேட்டாக இருக்கும். மீதி அந்தப் பிளேட்டில் அப்பிய மாவாக இருக்கும். செத்த பேட்டரியைப் பிளந்தால், இட்லி மாவு காய்ந்து வெடித்த மாதிரி பழுப்பும் சாம்பலுமாக உதிரும். விரலில் தடவினால் மைபோல ஒட்டும். தண்ணீரில் கழுவினால் போகாது, சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும். அடியில் சேறாகத் தங்கியிருப்பதும் அதே மாவுதான். ஆபத்து பெரும்பாலும் பிளேட்டில் இல்லை, இந்த மாவில்தான். காய்ந்தால் பறக்கும், சட்டையில் ஒட்டும், வீட்டுக்கு வரும். அதனால் கடைச் சட்டை எங்கள் வீட்டில் பிள்ளைகள் துணியோடு சேர்ந்து ஊறியதில்லை. என் மனைவி போட்ட சட்டம் அது. ஒரு டாக்டரும் சொல்லி வந்ததில்லை. சாவு வீட்டுக்குப் போய் வந்தவரை வாசலிலேயே நிறுத்திக் குளிக்கச் சொல்லுகிறோமே, பேட்டரி வேலைக்குப் போய் வருபவருக்கும் அதே கட்டுப்பாடு வேண்டும் என்பது அவள் கட்சி.

சரி, வாசலில் இறங்கிய பழையது எங்கே போகிறது? சட்டப்படி அதற்கு ஒரே ஒரு வழிதான். 2001-ஆம் ஆண்டிலேயே பேட்டரி விதிகள் வந்துவிட்டன. புதியது விற்கும்போது பழையதைத் திரும்ப வாங்க வேண்டும், பதிவு பெற்ற ஆலைக்குத்தான் அனுப்ப வேண்டும். 2022-இல் அந்த விதிகளை எடுத்துவிட்டுப் புதிய விதிகள் போட்டார்கள். விற்ற கம்பெனியே பழையதற்கும் பொறுப்பு, எல்லாக் கணக்கும் கணினியில் ஏற வேண்டும் என்றார்கள். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒருவர் வருவார். கையில் ரொக்கம் வைத்திருப்பார். பில் கேட்க மாட்டார், கொடுக்கவும் மாட்டார். கம்பெனி தரும் விலையைவிடக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடப் போட்டுத் தருவார். அவருக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? பழைய பேட்டரிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதை அவர் கட்டுவதில்லை. புகையைப் பிடிக்கும் பை வடிகட்டி, ஆசிட் நீரைச் சுத்தம் செய்யும் தொட்டி, ஆளுக்கு முகக்கவசம், இந்தச் செலவு எதுவும் இல்லை. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். இரும்பை உருக்க 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈயத்துக்கு ஒரு குழி, கொஞ்சம் கரி, ஒரு ஊதுகாற்று விசிறி போதும். ஊருக்கு ஒதுக்குப்புறமாக, கிணற்று மேட்டிலோ கைவிட்ட செங்கல் சூளையிலோ ஓரிரவில் வேலை முடிந்துவிடும். ஆசிட்டை ஓடையில் கவிழ்ப்பார்கள். உருகிய ஈயம் கட்டியாக லாரி ஏறிவிடும். கசடும் சாம்பலும் புகையில் போனதும் அந்த ஊரிலேயே தங்கிவிடும்.

செஞ்சியைச் சுற்றி இப்படி ஒரு குழி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறதா இல்லையா என்று சொல்ல யாரிடமும் ஒரு தாள் கிடையாது என்பதுதான் என் பேச்சு.

இதை ஏதோ தொழில் போட்டியில் புலம்புவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டில், டக்கார் நகரத்து ஓரத்தில் தியாராய்-சுர்-மேர் என்று ஒரு குப்பம். அங்கே பல வருஷமாகப் பழைய பேட்டரியை உடைத்து உருக்கி வந்தார்கள். 2007-இல் லண்டன் உலோகச் சந்தையில் ஈய விலை உச்சிக்குப் போனது. (லண்டனில் ஏறினால் எங்கள் காயலான் கடை ரேட்டும் ஏறும், எனக்கு அது தினசரிப் பாடம்.) விலை ஏறியதும் அந்தக் குப்பத்துப் பெண்கள் மண்ணையே சலித்து அதில் கிடந்த ஈயத் துகளைப் பொறுக்கி விற்றார்கள். பிள்ளைகள் பக்கத்தில் விளையாடின. அந்த நவம்பர் தொடங்கி 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் செத்துப்போனார்கள். முதலில் ஏதோ காய்ச்சல், வலிப்பு என்றுதான் நினைத்தார்கள். காரணம் ஈயம் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஈயத்தின் கெட்ட குணமே இதுதான். வாசனை கிடையாது, நிறம் காட்டாது. உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது. பல வருஷம் அங்கேயே இருக்கும். பெண் கருவுற்றால் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தோடு அதுவும் இறங்கிக் குழந்தைக்குப் போகும். பெரியவர் வயிற்றுக்குள் போவதில் உடம்பு ஏற்கும் பங்கைப்போல நாலைந்து மடங்கைக் குழந்தையின் உடம்பு ஏற்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவுவரை பரவாயில்லை என்று ஓர் அளவு கிடையவே கிடையாது என்றும் அது சொல்கிறது. இரும்புச் சத்துக் குறைந்த குழந்தை இன்னும் அதிகமாக ஈயத்தை இழுக்கும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநல ஆய்வே சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளை படுத்த படுக்கையாகிவிடாது. பாடம் ஏறாது, கோபம் வரும், வகுப்பில் பின்தங்கும். மக்குப் பையன் என்று வாத்தியார் சொல்வார், தலையெழுத்து என்று பாட்டி சொல்வாள். 2020-இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் ஈயம் உள்ள குழந்தைகள் உலகில் 80 கோடிப் பேர், இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 27 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள். ஈயம் பார்க்கச் சொல்லி யாராவது கேட்டதுண்டா?

நாட்டில் 103 மாசடைந்த இடங்களைக் கண்டறிந்திருக்கிறார்கள், ஏழில் மட்டும்தான் சுத்தப்படுத்தும் வேலை தொடங்கியிருக்கிறது என்று, முதலில் சொன்ன மாசடைந்த இடங்களுக்கான விதிகள் வந்தபோது செய்தி வந்தது. விதிகளின் ஏற்பாடு இது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலைத் தர வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல்கட்டமாகச் சோதிக்க வேண்டும், அடுத்த மூன்று மாதத்தில் விரிவாகப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். மாசுபடுத்தியவர் யார் என்று கண்டுபிடித்துச் செலவை அவரிடம் வாங்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அரசுகள் ஏற்கும். எத்தனை நாளுக்குள் சுத்தம் செய்து முடிக்க வேண்டும் என்று மட்டும் கெடு வைக்கவில்லை. கெடு இல்லாத வேலை என்னவாகும் என்று பார்க்க ஆரணி, ஆற்காடு தாண்டி ராணிப்பேட்டைக்குப் போனால் போதும். குரோமியம் ஆலை மூடி ஏறத்தாழ முப்பது வருஷம் ஆகிறது. கழிவு லட்சம் டன் கணக்கில் குவித்த இடத்திலேயே கிடந்து, மழைக்கு மழை நிலத்தடி நீரில் இறங்கியது.

எனக்கு உறுத்துவது முதல் படிதான். சந்தேகத்துக்குரிய இடம் என்று கலெக்டர் அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? விழுப்புரத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு மேல்மலையனூர்ப் பக்கத்து ஓடைக்கரை தெரியுமா? ராத்திரி புகை வந்ததையும், ஓடைத் தண்ணீர் குடித்த ஆடு நுரை தள்ளி விழுந்ததையும், ஒரு மூலையில் மட்டும் புல் முளைக்காமல் போனதையும் பார்ப்பவர் ஆடு மேய்ப்பவர். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பார்ப்பார்கள். அவர்களிடம் கேட்காமல் தயாராகும் பட்டியல், பெரிய கம்பெனிகளின் பெயர்ப் பட்டியலாகத்தான் இருக்கும். குழிகள் அதில் வராது.

தமிழ்நாட்டுக் கதையே அதற்குச் சாட்சி. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 1983 முதல் நடந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் காயலான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடந்ததை வெளியே கொண்டுவந்தது எந்த அதிகாரியும் அல்ல. ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும். ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவைக் கப்பல் ஏற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று. காயலான் கடை என்றால் முகம் சுளிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் கடை இல்லாவிட்டால் அந்த விஷயமே வெளியே வந்திருக்காது.

இன்னும் பக்கத்தில், கடலூர் சிப்காட். 2004-இல் சுற்றுப்பட்டுக் கிராமத்துக்காரர்கள் சிலர் பயிற்சி எடுத்துக்கொண்டு, தாங்களே காற்றைக் கண்காணிக்க இறங்கினார்கள். என்ன நாற்றம், எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று நோட்டில் எழுதினார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை வைத்து அதில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அழுகிய முட்டை நாற்றம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது யாரும் காது கொடுக்கவில்லை. வேதிப்பொருளின் பெயரோடு தாள் வந்த பிறகு அலுவலகங்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. படித்தவர், படிக்காதவர் என்ற பேச்சே அங்கே எழவில்லை. நோட்டும் வாளியும் இருந்தன, விடாமல் எழுத ஆட்கள் இருந்தார்கள்.

கென்யாவில் மொம்பாசா நகரத்து ஓவினோ உஹுரு குடியிருப்பில் நடந்தது நேரடியாக என் தொழில் சம்பந்தப்பட்டது. பழைய பேட்டரி உருக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த ஃபிலிஸ் ஒமிடோ என்ற பெண்ணின் கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சோதித்ததில் ஈயம். தாய்ப்பால் வழியாகப் போயிருந்தது. அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துப் போராடினார். 2014-இல் ஆலை மூடியது. 2020-இல் நீதிமன்றம் குடியிருப்பு மக்களுக்கு 130 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு என்றது. மேல்முறையீட்டில் அது போய், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதே தொகையைத் திரும்ப உறுதி செய்தது. அந்த ஆலைக்கு அனுமதி கொடுத்த அலுவலகங்கள் இருந்தன, சோதிக்க ஆட்கள் இருந்தார்கள். கண்டுபிடித்தது ஒரு தாய்.

ஆகவே, எங்கள் வட்டாரத்துக் கிராம சபைகளில் இது பேசப்பட வேண்டும் என்கிறேன். செஞ்சி பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு உண்டு, வருஷத்தில் ஆறு முறை. குடிநீர், தெருவிளக்கு, வீட்டுவரி என்று தீர்மானம் போடும்போது கூட ஒரு வரி: எங்கள் ஊராட்சி எல்லையில் பேட்டரி உடைக்கிற, உருக்குகிற, முன்பு உருக்கிய இடம் இருந்தால் அதைச் சந்தேகத்துக்குரிய இடமாகப் பட்டியலில் சேர்க்க மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். முன்பு உருக்கிய இடம் என்பது முக்கியம். போலீசும் வாரியமும் வந்து குழியை உடைத்துவிட்டுப் போனால் உருக்கினவர் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடுவார். மண் போகாது. அதே இடத்தில் அடுத்த போகம் மணிலா போடுவார்கள், அல்லது மனை போடுவார்கள்.

பிறகு சோதனை. மண்ணை எடுக்கும்போது ஊர்க்காரர் இருவர் கூட நிற்க வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் எடுத்தார்கள் என்று கையெழுத்துப் போட வேண்டும். முடிவு வந்தால் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். பிபிஎம் கணக்கை மட்டும் எழுதிவிட்டுப் போனால் யாருக்கும் புரியாது. இந்த மண்ணில் பிள்ளை விளையாடலாமா, கீரை போடலாமா என்று எழுத வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிஷத்தில் ஈயத்தைக் காட்டும் கையடக்கக் கருவி வந்து எத்தனையோ வருஷமாகிறது. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ஒன்று வாங்கி வைத்தால் மாவட்டம் முழுக்கச் சுற்றி வரலாம். வீடு தேடி வந்து சர்க்கரை பார்க்கிற ஆட்சி, பேட்டரி உடைத்த ஊரின் அங்கன்வாடியைத் தேடிப் போய் இதைப் பார்க்க முடியாதா?

ஊர்க்காரரைச் சேர்த்தால் வம்பு வரும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். எனக்கும் தெரியும். புகார் போடுவேன் என்று மிரட்டிக் காசு வாங்கிக்கொண்டு போகிறவர்களை வியாபாரத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் மொட்டைக் கடுதாசி வேண்டாம், சபையில் பேசுங்கள் என்கிறேன். நாலு பேர் நடுவில், பதிவேட்டில் ஏறுகிற மாதிரிச் சொன்ன புகாரை வைத்துப் பேரம் பேசுவது கஷ்டம். இதற்கு முன்மாதிரியும் உண்டு. கேரளத்தில் பெரியாற்றங்கரையில் ஏலூர் தொழிற்பேட்டைக்கு 2004-இல் உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு, ஊர்க்காரர்களையும் சேர்த்து ஓர் உள்ளூர்ச் சுற்றுச்சூழல் குழுவை அமைத்தது. ஆலைக்குள்ளேயே போய்ப் பார்க்கும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. 2025 விதிகளுக்குக் கீழே ஒவ்வொரு இடத்துக்கும் அப்படி ஒரு குழு வைத்தால் வானம் இடிந்து விழாது.

உடைக்கிறவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் வில்லன் இல்லை. நிலமில்லாதவர், நாள் கூலிக்கு உட்கார்ந்து கோடரி போடுகிறவர்; முதலில் விஷம் ஏறுவது அவர் வீட்டுப் பிள்ளைக்குத்தான். பணம் வேறு இடத்தில் இருக்கிறது. பழையதன் மீதுள்ள வரியைக் குறைத்து, பதிவு பெற்ற ஆலை தரும் விலை டிவிஎஸ் எக்ஸ்எல்காரர் விலையைத் தொடும்படி செய்யுங்கள். பாதிக் குழி தானே மூடிக்கொள்ளும் என்பது என் வியாபாரக் கணக்கு. உடைத்தவருக்கு மட்டும் அபராதம் போட்டால் அவர் இன்னும் இருட்டான இடத்துக்குப் போவார், அவ்வளவுதான்.

சுத்தம் செய்துவிட்டோம் என்று அலுவலகம் சொன்ன பிறகும் ஊர்க்காரருக்கு வேலை இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் வெர்னன் என்ற ஊரில் எக்சைடு டெக்னாலஜிஸ் நடத்திய பேட்டரி உருக்காலை 2015-இல் மூடப்பட்டது. (நம் ஊரில் விற்கும் எக்சைடு இந்தியக் கம்பெனி, அது வேறு, வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.) சுற்றிலும் ஆயிரக்கணக்கான வீடுகளின் முற்றத்து மண்ணில் ஈயம். 2020-இல் திவால் நீதிமன்றம் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கம்பெனியை அனுமதித்தது; செலவு மக்கள் வரிப்பணத்தின் தலையில் விழுந்தது. அரசு வீடு வீடாக மண்ணை மாற்றியது. சந்தேகப்பட்ட ஊர்க்காரர்கள் பல்கலைக்கழகத்தாரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி மண் எடுத்துப் பார்த்தார்கள். சுத்தமாகிவிட்டது என்று சான்று வாங்கிய பல வீடுகளில் இன்னும் வரம்புக்கு மேல் ஈயம் இருந்தது. கலிஃபோர்னியா அரசுக்கே இந்தக் கதி என்றால் நம் ஊரில் சான்றிதழை மட்டும் நம்பி எப்படி உட்கார்ந்திருப்பது?

வாடிக்கையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். புது பேட்டரி வாங்கும்போது வாரண்டி எத்தனை மாதம், பழையதற்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்ற இரண்டு கேள்விதான் கேட்கிறீர்கள். மூன்றாவதாக ஒன்று கேளுங்கள்: பழையதை எங்கே அனுப்புகிறீர்கள்? எந்த ஆலைக்கு, எந்தச் சீட்டோடு என்று கடைக்காரரைக் காட்டச் சொல்லுங்கள். என் கடையில் அந்தச் சீட்டுகளை ஒரு கம்பியில் குத்திக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். இதுவரை கேட்டவர் மிகக் குறைவு.

அடுத்த கிராம சபைக்கு முன்னால் அந்தத் தீர்மான வரியைத் தாளில் எழுதிச் சுற்றுப்பட்டு ஊராட்சித் தலைவர்கள் சிலரிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். டிராக்டர் பேட்டரிக்கு என்னிடம்தான் வருகிறார்கள். பேச நேரம் கிடைக்கும்.